ஒன்றேகால் ஏக்கர் பூ: ஒரே இடமா, ஆறு துண்டா, நீள வேலியா?

எங்கள் ஊர்ச்சபைக்கு இந்தக் குளிர்காலத்தில் சுகமான ஒரு தலைவலி வந்தது. எங்களுடையது பக்கிங்ஹாம்ஷயரில் கோதுமையும் ரேப் என்கிற எண்ணெய்வித்தும் மாற்றி மாற்றி விளைகிற களிமண் பூமியில் இருக்கிற சின்ன ஊர். காட்டுப்பூ வளர்க்க ஒன்றேகால் ஏக்கர் அளவுக்கு நிலமும் கொஞ்சம் பணமும் கிடைத்தன. பம்பிள் தேனீக்காகத்தான் இது என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எங்கே போடுவது என்பதில்தான் இரண்டு கூட்டங்கள் கழிந்தன. குழுவில் நானும் ஒருத்தன் என்பதால் படித்ததையும் பார்த்ததையும் வைத்து என் கணக்கை எழுதுகிறேன்.

மூன்று யோசனைகள் வந்தன. முதலாவது, விளையாட்டு மைதானத்தின் தெற்கு மூலையில் மொத்தத்தையும் ஒரே பூப்புல்வெளியாக விடுவது. இரண்டாவது, அதே அளவை ஆறு துண்டாக்கி, கல்லறைத் தோட்டத்து ஓரம், பள்ளிக்கூட வாசல், குளக்கரை, காய்கறித் தோட்டங்களின் கடைசி, இரண்டு வயல் மூலைகள் என்று ஊரைச் சுற்றிப் பரப்புவது. மூன்றாவது, பணத்தையெல்லாம் உயிர்வேலியில் போட்டு, வடக்கே இருக்கிற காட்டையும் தெற்கே இருக்கிற மைதானத்தையும் 900 மீட்டருக்கு ஒரே கோடாக இணைப்பது. "பெட்டியிலேயே விற்கிறார்களே, நாலு கூடு வாங்கி வைத்தால் ஆயிற்று" என்று நாலாவதாக ஒருவர் சொன்னார். அதற்குக் கடைசியில் வருகிறேன், அதிக நேரம் தேவைப்படாது.

இந்தக் கதையைப் போனில் திருநெல்வேலிச் சித்தப்பாவிடம் சொன்னபோது, "ஏப்பா, மூங்கிலைத் துளைக்கிற கருவண்டுக்கா இத்தனை கூட்டம் போடுறீங்க?" என்று கேட்டார். தப்பு அவருடையதல்ல. தென்னிந்தியாவில் பம்பிள் தேனீ கிடையாது. காஷ்மீர், இமாச்சல், சிக்கிம் என்று இமயமலைப் பக்கம் போனால்தான் பார்க்கலாம். நம் வீட்டு உத்தரத்தில் ஓட்டை போடுகிற பளபளப்பான கருவண்டு வேறு சாதி, அது தச்சுத் தேனீ. பம்பிள் தேனீ என்பது உடம்பெல்லாம் ரோமக் கம்பளி போர்த்திய, குளிர்தேசத்துக்கென்றே ஆன உருண்டைப் பூச்சி. மார்ச் மாதத்தில் எல்லாரும் கோட்டு போட்டுக்கொண்டு நடக்கும்போதே வெளியே வந்துவிடும். பிரிட்டனில் இப்போது 24 வகை இருக்கின்றன.

எத்தனை மீட்டர்?

கூட்டத்தில் எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான்: இது எவ்வளவு தூரம் பறக்கும்? ஆளுக்கொரு எண்ணைச் சொன்னார்கள். அந்த எண்கள் எல்லாமே சரியாக இருந்ததுதான் வேடிக்கை. அளந்த விதம் வேறு வேறு, அவ்வளவுதான்.

எங்களுக்குப் பக்கத்து மாவட்டமான ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் ராதம்ஸ்டெட் என்கிற பழைய வேளாண் ஆய்வு நிலையம் இருக்கிறது. 1990களில் அங்கே தேனீயின் முதுகில் மெல்லிய கம்பி ஆன்டெனா ஒன்றை ஒட்டி, அது எதிரொலிக்கும் அலையை ரேடாரில் பிடித்தார்கள். 1999-இல் வெளியான கணக்குப்படி, எருவால் தேனீ என்று நான் செல்லமாகச் சொல்கிற பாம்பஸ் டெரெஸ்ட்ரிஸ் (வாலின் நிறம் அப்படி) கூட்டிலிருந்து சராசரியாக 275 மீட்டர் போனது. அதிகபட்சம் 631 மீட்டர். ஆனால் அந்த ரேடாருக்கே சுமார் 700 மீட்டருக்கு அப்பால் கண் தெரியாது. திண்ணையில் உட்கார்ந்தபடி தெருமுனை வரைக்கும் பார்த்துவிட்டு, இந்த ஊரில் யாரும் தெருமுனையைத் தாண்டுவதில்லை என்று எழுதினால் எப்படி இருக்கும்? அப்படித்தான். இருந்தாலும் அதே ஆய்வில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. கூட்டுக்குப் பக்கத்திலேயே பூ இருந்தும் பல தேனீக்கள் அதைத் தாண்டி நேர்கோட்டில் போய் வேறு இடத்தில் இறங்கின. வாசலில் கடை இருக்க, மூணாவது தெருவுக்குக் காய் வாங்கப் போகிற ஆட்கள் மாதிரி.

ஜெர்மனியில் மார்பர்க் பக்கம் தேனீக்களுக்கு நிறப்புள்ளி வைத்துத் தேடினார்கள். டெரெஸ்ட்ரிஸ் 1,750 மீட்டர் தள்ளிக் கிடைத்தது. மஸ்கோரம் என்கிற பாசித் தேனீயோ 500 மீட்டருக்குள்ளேயே நின்றுவிட்டது. 2011-இல் வெளியான இன்னொரு ஜெர்மன் ஆய்வில் சின்ன ரேடியோ கருவி ஒட்டி விட்டபோது டெரெஸ்ட்ரிஸ் 2.5 கிலோமீட்டர் போனது. அந்தக் கருவியே கிட்டத்தட்ட ஒரு தேனீயின் எடை இருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2001-இல் இன்னும் துணிச்சலான ஒரு சோதனை நடந்தது. வேலைக்காரத் தேனீக்களைக் கூட்டிலிருந்து எடுத்துப்போய் தூரத்தில் விட்டார்கள். 9.8 கிலோமீட்டரிலிருந்துகூட ஒன்று வீடு திரும்பியது. கூட்டத்தில் "பத்து கிலோமீட்டர் பறக்குமே!" என்று ஒருவர் மேசையைத் தட்டியது இந்த எண்ணை வைத்துத்தான். என்னையும் பத்து கிலோமீட்டர் தள்ளி இறக்கிவிட்டால் நடந்தே வீட்டுக்கு வருவேன். அதற்காகத் தினமும் பால் வாங்க அவ்வளவு தூரம் போவேன் என்று ஆகாது.

இவற்றில் நான் அதிகம் நம்புவது மரபணு வழியை. ஒரு கூட்டிலிருக்கும் வேலைக்காரத் தேனீக்கள் எல்லாம் ஒரே தாய்க்கும் ஒரே தகப்பனுக்கும் பிறந்த அக்கா தங்கைகள். வயலில் அங்கங்கே பிடித்து, காலின் நுனியைக் கொஞ்சமாகக் கிள்ளிப் பார்த்தால் யார் யாருக்கு உடன்பிறப்பு என்று தெரிந்துவிடும். தங்கைகள் எங்கெங்கே அகப்பட்டார்கள் என்பதை வைத்து, கூடு எங்கே இருக்கலாம், எவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள் என்று கணக்குப் போடலாம். கூட்டைக் கண்டுபிடிக்கவே வேண்டாம். முதுகில் பாரமும் இல்லை. 2005-இல் ராதம்ஸ்டெட் நிலத்தில் நாலு வகைக்கு இப்படிப் பார்த்தார்கள். அங்கே பழுப்புத் தேனீயான பாஸ்குவோரம் 449 மீட்டர், கருப்பு உடம்பும் சிவப்பு வாலும் உள்ள லாபிடேரியஸ் 450, பிராட்டோரம் 674, டெரெஸ்ட்ரிஸ் 758 என்று வந்தது. இவை அந்த நிலத்தில் கிடைத்த மதிப்பீடுகள். இடம் மாறினால் எண் மாறும். பூ குறைந்த இடத்தில் தூரம் கூடும்.

எங்கள் வாக்கெடுப்புக்கு இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான். பெரிய பறப்பாளியை மனதில் வைத்துத் திட்டம் போட்டால் சின்னது பட்டினி கிடக்கும். டெரெஸ்ட்ரிஸுக்கு நாங்கள் எங்கே பூ போட்டாலும் வந்துவிடும். எங்கள் ஒன்றேகால் ஏக்கர் இல்லாவிட்டாலும் அது பிழைத்துக்கொள்ளும். வாசலைச் சுற்றியே மேய்கிற பழுப்புத் தேனீயும், அதைவிட அரிதான அதன் சொந்தக்காரிகளும்தான் இடத்தைப் பார்த்துப் போடச் சொல்பவை. அதனால் என் வரைபடத்தில் 450 மீட்டர் வட்டம்தான் போட்டேன். மைதான மூலையைச் சுற்றி அந்த வட்டத்தைப் போட்டால் 64 ஹெக்டேர் வருகிறது. அதில் பாதி புது வீடுகளும் கார் நிறுத்துமிடமும் கிரிக்கெட் பிட்ச்சும். ஊரின் வடக்குப் பாதி முழுக்க வட்டத்துக்கு வெளியே. ஆறு துண்டுகளுக்கும் ஆறு வட்டம் போட்டால் ஒன்றோடொன்று மேலேறி ஏறக்குறைய ஊர் முழுவதையும் மூடிவிடுகிறது.

ஏப்ரல் கணக்கு வேறு

ஒரு வேலைக்காரத் தேனீக்கு 450 மீட்டர் பெரிய விஷயமில்லை. வினாடிக்கு 5 மீட்டர் என்று வைத்தாலும் ஒன்றரை நிமிடம். ஆனால் வேலைக்காரிகள் பிறப்பதற்கு முன்னால் ஒரு கட்டம் இருக்கிறது. இந்தச் சர்ச்சையில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

பம்பிள் தேனீ ராணி குளிர்காலம் முழுக்க மண்ணுக்குள் தனியாகத் தூங்கி, மார்ச் வாக்கில் எழுந்து வருகிறது. தேனடையில் ஆயிரக்கணக்கில் துணையோடு இருக்கிற தேனீ ராணி அல்ல இது, கைத்துணை ஒருத்தியும் இல்லாத தனிக்குடித்தனக்காரி. பழைய எலி வளையிலோ புல்புதரிலோ இடம் பிடித்து, மகரந்த உருண்டை மேல் முட்டை வைத்து, அடைகாக்கும் கோழி மாதிரி அதன் மேலேயே படுத்துக் கிடக்கும். குஞ்சு வளர 30 டிகிரிக்குப் பக்கமாகச் சூடு வேண்டும். அந்தச் சூட்டுக்கு எரிபொருள் பூந்தேன். தேன் தேடி வெளியே போகிற ஒவ்வொரு நிமிடமும் குஞ்சு ஆறிக்கொண்டிருக்கிறது. வெளியே பத்து டிகிரி. பூ பக்கத்தில் இல்லையென்றால் கணக்கு உதைக்கும்.

போன மார்ச்சில் குளக்கரையில் ஒரு ராணியைக் கால்மணி நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன். சாலோ என்கிற காட்டு வில்லோ மரத்தில் மஞ்சள் பூத்துக் குஞ்சம் குஞ்சமாகத் தொங்கியது. ஒரு குஞ்சத்தில் கால் வைத்தவுடன் அதன் எடைக்குக் கிளையே தாழ்ந்தது. மகரந்தத்தை வயிற்றிலிருந்து சீவிச் சீவிப் பின்னங்காலில் அப்பிக்கொண்டது, இட்லி மாவு விரலில் ஒட்டிக்கொள்கிற மாதிரி. ஒரு மேகம் வந்து வெயிலை மறைத்ததும் சிறகை மடித்து உட்கார்ந்து உடம்பு முழுக்க நடுங்கியது. குளிர் தாங்காத நடுக்கம் இல்லை அது, பறக்கிற தசையைச் சூடேற்றுவது. அப்புறம் தாழ்வாகப் பறந்து புல்வரிசைக்குள் மறைந்தது. கூடு எங்கோ பக்கத்தில்தான் இருக்க வேண்டும்.

இதற்கு உள்ளூரிலேயே ஒரு பெரிய சான்று இருக்கிறது. எங்கள் மாவட்டத்து ஹில்ஸ்டன் பண்ணை சுமார் ஆயிரம் ஹெக்டேர். அங்கே 2005-இல் வயல் ஓரங்களில் பூப்பட்டை விட்டு ஆய்வு தொடங்கினார்கள். 2017-இல் நேச்சர் இதழில் வந்த கட்டுரையில் மூன்று வகைத் தேனீக்களின் சுமார் 1,600 குடும்பங்களை மரபணு வழியில் பின்தொடர்ந்திருந்தார்கள். இந்த வருடத்துக் கூட்டின் மகள், அடுத்த வசந்தத்தில் ராணியாக உயிரோடு இருக்கிறாளா என்பதுதான் கேள்வி. கூட்டிலிருந்து 250 முதல் 1,000 மீட்டருக்குள் நல்ல மேய்ச்சலும், குறிப்பாக வசந்தகாலப் பூவும் இருந்த குடும்பங்கள்தான் அதிகம் தப்பின. பூவைக் கூட்டுக்குப் பக்கத்திலேயே, எந்த மாதத்தில் தேவையோ அந்த மாதத்தில் வைக்க வேண்டும் என்று எனக்கு உறைத்தது இதைப் படித்தபோதுதான்.

இங்கே என் சொந்த அவமானம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நாலு வருடத்துக்கு முன்னால் பாக்கெட்டில் விற்கிற ஒரு 'காட்டுப்பூ கலவை' விதையை வாங்கி எங்கள் காய்கறித் தோட்டத்து ஓரம் தூவினேன். ஜூனில் சிவப்புப் பாப்பியும் நீலக் கார்ன்ஃப்ளவரும் பார்த்தவர்களெல்லாம் போட்டோ எடுக்கிற மாதிரி பூத்தன. ஏப்ரலில் வெறும் மண். ஆகஸ்ட்டில் காய்ந்த குச்சி. அடுத்த வருடம் அதுவும் இல்லை, களை மட்டும். அதே வேலிக்கடியில் யாரும் நடாத வெள்ளை டெட்நெட்டில் என்கிற களைச்செடியில்தான் ஏப்ரலிலேயே பழுப்புத் தேனீ தொங்கிக்கொண்டிருந்தது.

வேலி எதற்கு உதவும், எதற்கு உதவாது

உயிர்வேலிக் கட்சிக்காரர்கள் சொன்ன காரணம்: வேலி இல்லாவிட்டால் காட்டிலிருந்து மைதானத்துக்குத் தேனீ எப்படி வரும்? கேட்க நன்றாக இருக்கிறது. தேனீக்கு அது தெரியாது.

நார்தாம்ப்டன்ஷயரில் நடந்த ஓர் ஆய்வில் (2012) வேலிக்கோடு ஓரமாகத் தேனீக்கள் நகர்வதைப் பார்த்தார்கள். பல வேலிகள் வந்து சேர்கிற இடத்தில் வைத்த செடிகளுக்கு அதிக வருகை கிடைத்து, விதையும் கூடுதலாகப் பிடித்தது. ஆக வேலி வழிகாட்டும் என்பது நிஜம். ஆனால் வேலி இல்லாவிட்டால் தடை என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஜெர்மனியில் 600 மீட்டர் அகலக் காட்டை டெரெஸ்ட்ரிஸ் தாண்டிப் போயிருக்கிறது. அமெரிக்காவில் பாஸ்டனில் சாலையையும் தண்டவாளத்தையும் தேனீக்கள் அரிதாகவே கடந்தன. எடுத்து அந்தப் பக்கம் விட்டால் தாண்டி வந்தன. முடியாமல் இல்லை. இந்தப் பக்கம் பூ இருக்கும்போது எதற்கு என்கிற சோம்பல்தான். ஒரு மேய்ச்சல் இடத்தைப் பிடித்துக்கொண்டால் அதிலேயே ஊன்றிப்போகிற சுபாவம்.

இதை நானே சோதித்துப் பார்த்தேன். தேனீ வளர்ப்பவர்கள் ராணிக்கு அடையாளம் வைக்கிற வெள்ளை மையை வாங்கி, காம்ஃப்ரி புதரில் மேய்ந்த ஆறு தேனீக்களின் முதுகில் மகளோடு சேர்ந்து ஆளுக்கு மூன்று என்று புள்ளி வைத்தோம். நாலாம் நாள் மூன்று அதே புதரில் இருந்தன. இருபது அடி தள்ளி இருந்த இன்னொரு காம்ஃப்ரியில் ஒன்றுகூட இல்லை.

சிதறிக் கிடக்கிற துண்டுகளை இணைக்க வேலிக்கோடு தேவையில்லை என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ராதம்ஸ்டெட்டில் ஐந்து செயற்கைப் பூக்களை 50 மீட்டர் இடைவெளியில் ஐங்கோணமாக வைத்து, தேனீ எந்த வரிசையில் சுற்றுகிறது என்று பார்த்தார்கள் (2012). சாத்தியமான வழிகள் 120. தேனீக்கள் அதில் சுமார் 20-ஐத்தான் முயன்றன. சராசரியாக 26 பயணத்துக்குள் ஒரு குறுக்குச் சுற்று மனப்பாடமாகிவிட்டது. கொரியர் பையன் முதல் வாரம் திணறி, அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு போவதைப் போல.

அப்படியென்றால் அடுத்த தலைமுறை, அதாவது புது ராணிகள் ஊர்விட்டு ஊர் போக வேலி வேண்டாமா? இங்கேதான் மேய்ச்சல் தூரத்தையும் குடிபெயர்கிற தூரத்தையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். இரண்டும் வெவ்வேறு பயணம். 2010-இல் மரபணு வழியில் கணித்தபோது லாபிடேரியஸ் ராணிகள் குறைந்தது 3 கிலோமீட்டரும் பாஸ்குவோரம் ராணிகள் 5 கிலோமீட்டரும் போவதாக வந்தது. தினசரி மேய்ச்சலில் பின்தங்கிய பழுப்புத் தேனீ, குடிபெயரும்போது முன்னால் நிற்கிறது. ராணி அந்தத் தூரத்தை ஒரே மூச்சில் போவதும் இல்லை. குளிர்த்தூக்கம் முடிந்த ராணிகளை 2019-இல் வெளியான ஒரு ஆய்வில் ரேடாரில் பார்த்தபோது, 10 முதல் 20 வினாடி பறந்து, பிறகு 10 முதல் 20 நிமிடம் தரையில் புல்லுக்குள் படுத்து எழுந்து, திசை எதுவும் இல்லாமல் தத்தித் தத்திப் போனது தெரிந்தது. வசந்தத்தில் புல்லில் கிடக்கிற ராணியைப் பார்த்துச் சாகக் கிடக்கிறது என்று சர்க்கரைத் தண்ணீரோடு ஓடுகிறோம். பாதி நேரம் அது சும்மா ஓய்வெடுக்கிறது.

மரத்தேனீ என்று அழைக்கப்படுகிற ஹிப்னோரம் 2001-இல் முதல்முறையாகத் தெற்கு இங்கிலாந்தில் கண்டுபிடிக்கப்பட்டது. பத்துப் பன்னிரண்டு வருடத்தில் ஸ்காட்லாந்து போய்ச் சேர்ந்தது. அதற்கு யாரும் வேலி கட்டித்தரவில்லை, வீட்டுத் தோட்டங்களும் பறவைகளுக்கு வைக்கிற கூட்டுப்பெட்டிகளும் போதுமாக இருந்தன. எல்லாமே இப்படி ஊர் சுற்றிகள் என்றும் சொல்லிவிட முடியாது. ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் மஸ்கோரம், 10 கிலோமீட்டர் கடல் குறுக்கிட்டால் மரபணுவிலேயே பிரிந்துபோயிருக்கிறது, சில இடங்களில் 3 கிலோமீட்டரிலேயே. எங்களுக்கு 900 மீட்டர் கோதுமை வயல். அது கடல் இல்லை.

ஆக வேலி நல்லதுதான், ஆனால் அவர்கள் சொன்ன காரணத்துக்காக இல்லை. அதில் பூக்கிற பிளாக்தார்ன், ஹாதார்ன், பிராம்பிள், அதன் அடியில் எலி விட்டுப்போன வளை, இவைதான் அதன் மதிப்பு. வேலியை நான் பாதையாகப் பார்க்கவில்லை. அது சமையலறையும் படுக்கையறையும்.

ஒரே இடத்தின் நியாயம்

ஒரே புல்வெளி என்றவர்களின் பேச்சில் தேனீ குறைவு, வேலைக்கணக்கு அதிகம். அதை நான் மதிக்கிறேன். பூப்புல்வெளி என்பது விதை தூவிவிட்டு மறந்துவிடுகிற சமாசாரம் அல்ல. வருடத்துக்கு ஒருமுறை வெட்டி, வெட்டிய புல்லை வாரி அப்புறப்படுத்த வேண்டும். விட்டால் மண் கொழுத்துப் புல்லே எல்லாவற்றையும் அமுக்கிவிடும். ஒரே இடமென்றால் ஒரு காலைப்பொழுது, ஒரு டிராக்டர். ஆறு இடமென்றால் ஆறு சாவி, ஆறு பேரின் அனுமதி. அதோடு, புல்வெட்ட வருகிறவருக்கு யாராவது சொல்ல மறந்தால் மே மாதத்திலேயே ஒரு துண்டு மொட்டையடிக்கப்படும். இது கற்பனை இல்லை, பள்ளி வாசலில் ஏற்கனவே நடந்திருக்கிறது. துண்டுக் கட்சியில் இருந்துகொண்டே சொல்கிறேன், பராமரிக்க ஆள் இல்லாத ஊரில் நான் மைதான மூலைக்குத்தான் கை தூக்குவேன்.

பெட்டிக் கூடு விஷயம். அது கண்ணாடிக் கூடத் தக்காளிக்காக 1980களின் கடைசியிலிருந்து தொழிலாக வளர்க்கப்படுவது. அங்கே அதற்கு வேலை உண்டு. திறந்த வெளியில் வைத்தால் நோயைக் காட்டுத் தேனீக்களுக்குக் கொடுத்துவிடும் ஆபத்து இருக்கிறது. பூ இல்லாத ஊரில் வாய்களை மட்டும் கூட்டுவது எந்த வகையில் உதவி? சிலியில் 1990களின் கடைசியில் மகரந்தச் சேர்க்கைக்காக இறக்கிய ஐரோப்பிய டெரெஸ்ட்ரிஸ், 2006-க்குள் ஆண்டிஸ் மலை தாண்டி அர்ஜென்டினா போய், வருடத்துக்குச் சுமார் 200 கிலோமீட்டர் வேகத்தில் பரவியது. அங்கேயே பிறந்த, ஆரஞ்சு நிறத்தில் எலிக்குட்டி அளவு இருக்கிற டால்போமி தேனீ, டெரெஸ்ட்ரிஸ் போன இடமெல்லாம் அருகிப்போனது. போதும்.

என் வாக்கு ஆறு துண்டுக்கு, ஆனால் வேலிப் பணத்தில் கொஞ்சத்தை அதற்குள் கொண்டுவந்துதான். புது வேலி 900 மீட்டர் வேண்டாம். இருக்கிற பழைய வேலிகளில் விழுந்த ஓட்டைகளை மட்டும் பிளாக்தார்னும் சாலோவும் வைத்து அடைப்போம். துண்டுகளில் கவர்ச்சிக் கலவை வேண்டாம். சிவப்பு க்ளோவர், நாப்வீட், பேர்ட்ஸ்ஃபுட் ட்ரெஃபாயில் போதும், ஓரத்தில் டெட்நெட்டில் வந்தால் பிடுங்கக்கூடாது. வெட்டுகிற வேலையைத் துண்டுக்கு ஒரு குடும்பம் என்று எழுதி வாங்கிக்கொள்வது. கூட்டத்தில் இது நாலு வாக்கு வித்தியாசத்தில் தேறியது. மைதானக் கட்சியினர் இருவர் பெயரைப் பதிந்துகொண்டு, குளக்கரைத் துண்டைத் தாங்களே வெட்டுவதாக ஏற்றார்கள்.

வரைபடத்தில் ஒரு இடம் மட்டும் இன்னும் உறுத்துகிறது. குளக்கரைக்கும் அடுத்த துண்டுக்கும் நடுவே 600 மீட்டர், இரண்டு பக்கமும் கோதுமை. நடுவில் சந்து வளைகிற இடத்தில் ஐந்தாறு சாலோ குச்சி ஊன்றலாம் என்று நிலத்துக்காரர் ஒத்துக்கொண்டார். சாலோவிலேயே ஆட்டு வில்லோ என்கிற வகையின் குச்சியை வெட்டி வைத்தால் லேசில் வேர் பிடிக்காது, க்ரே சாலோ வகையின் குச்சி பிடிக்கும். அதிலும் ஆண் மரத்துக் குச்சியாக இருக்க வேண்டும், பெண் மரத்தில் தேன் உண்டு, மகரந்தம் கிடையாது. போன மார்ச்சில் ராணியைப் பார்த்த அந்த மஞ்சள் குஞ்ச மரத்திலிருந்தே எட்டுக் குச்சி வெட்டி வந்து, பின்வாசலில் வாளித் தண்ணீரில் நிறுத்தியிருக்கிறேன். நேற்றுப் பார்த்தேன், இரண்டில் வெள்ளையாக வேர் முளை தெரிகிறது.